தமிழ் பேசுவோருக்குச் சீன மொழி வகுப்பு: பாடநூல் தேர்வும் பாடத்திட்டமும், படிப்படியாக

சீன மொழி சொல்லித்தரத் தொடங்கும் பலர் செய்யும் முதல் வேலை, ஒரு பாடநூலை வாங்கி முதல் பாடத்தின் முதல் வரியிலிருந்து நடத்துவது. என் முதல் அணிக்கு நானும் அப்படித்தான் நடத்தினேன். மூன்றாம் மாதம் அவர்களுக்கு எட்டுப் பாடம் தெரிந்திருந்தது. ஆனால் அவர்கள் பேசியதில் பாதிகூட வகுப்புக்கு வந்த சீன நண்பருக்குப் புரியவில்லை.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. நம் கைக்குக் கிடைக்கும் சீனப் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவரை மனதில் வைத்து விளக்கம் எழுதியவை. அவருக்குக் கடினமானது நமக்கு எளிது. அவருக்கு எளிதானதில் நாம் தடுக்கி விழுகிறோம். நூலை அப்படியே நடத்தினால் தேவையில்லாத இடத்தில் வாரங்கள் போகும், தேவையான இடத்தில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். பெரியவர்களுக்கு, வாரம் இரண்டு வகுப்பு வைத்து, ஓராண்டுக்குப் பாடத்திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாணவர் நூல், பயிற்சி நூல், ஆசிரியர் நூல் மூன்றும் ஒரே பதிப்பில் இருக்கட்டும். பதிப்பு மாறினால் பாட எண்ணும் பயிற்சி எண்ணும் பொருந்தாமல் போகலாம்.

ஒலிக்கோப்புகளை முன்கூட்டியே இறக்கி, ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய பதிப்புகள் குறுந்தகட்டோடு வந்தவை. இன்று அதைப் போட்டுக் கேட்கப் பலரிடம் கருவியே இல்லை.

சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையான பின்யினின் அசை அட்டவணை ஒன்று சுவரில் வேண்டும். எழுதிப் பழக, நடுவில் சிலுவைக் கோடு போட்ட சதுரக் கட்டத் தாள் வேண்டும். சீனப் பிள்ளைகளும் இந்தக் கட்டத்தில்தான் பழகுகிறார்கள். எழுத்தின் உறுப்புகள் கட்டத்தின் எந்தக் கால் பகுதியில் உட்கார வேண்டும் என்று கட்டமே காட்டிக்கொடுக்கும். அப்புறம், ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பின்யின் விசைப்பலகை.

1. மாணவர் எங்கே போகப்போகிறார் என்று முதலில் கேளுங்கள்

நூலைத் தேடுவதற்கு முன் இந்தக் கேள்வி. எந்த எழுத்துமுறை, எந்தத் தேர்வு, எவ்வளவு எழுத்துப் பயிற்சி என்ற மூன்றையும் இதன் பதில்தான் முடிவு செய்கிறது.

சீனாவில் படிக்கப் போகிறவருக்குக் கோடுகளைக் குறைத்து எளிமையாக்கிய எழுத்தும், பின்யினும், எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வும். தைவானுக்குப் போகிறவருக்கு மரபு எழுத்தும் டிஓசிஎஃப்எல் தேர்வும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளில் எளிமையாக்கிய எழுத்துதான். பிள்ளைகளுக்கென்றால் ஒய்சிடி என்று தனித் தேர்வே இருக்கிறது; பெரியவர்களின் நூலை அவர்களிடம் கொடுக்காதீர்கள். சீனாவின் யீவூ மொத்த விற்பனைச் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போகும் வியாபாரிக்கு எண், விலை, அளவு, தேதி, பேரம் போதும். எழுத்தை அடையாளம் கண்டால் சரி.

இரண்டு எழுத்துமுறையையும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லித்தர வேண்டாம். தொடக்கத்தில் அது இரட்டைச் சுமை மட்டும்தான். ஒன்று ஊறிய பின் மற்றதை வாசிக்கப் பழகிக்கொள்ளலாம்.

எச்எஸ்கே என்றால் இன்னொரு கவனம் வேண்டும். 2010 முதல் நடந்த ஆறு நிலைத் தேர்வில் சொல் எண்ணிக்கை 150, 300, 600, 1200, 2500, 5000 என்று ஏறும். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தரவரையறை ஒன்பது நிலைகளையும் மொத்தம் 11,092 சொற்களையும் கொண்டது. அதில் முதல் நிலைக்கே 500 சொற்கள். ஆக, அட்டையில் ‘நிலை 1’ என்று போட்டிருப்பது எந்தக் கணக்கு என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. மாணவர் உட்காரப்போகும் தேர்வின் சொற்பட்டியலைத் தேர்வு நடத்துபவர்களிடமிருந்தே எடுத்து, நூலின் கடைசிப் பக்கச் சொல்லடைவோடு ஒப்பிடுங்கள். ஒரு மாலை போதும் இந்த வேலைக்கு.

2. மணிக்கணக்கைப் போடுங்கள்

ஆங்கிலம் பேசும் தூதரக அலுவலர்கள் சீனத்தில் வேலை செய்யும் அளவு தேற 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. ஆறு மாதத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்று வருகிறவரிடம் இந்த எண்ணை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பின்னால் மனம் உடைவதைவிட அது நல்லது.

நம் கணக்கு சிறியது. வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 40 வாரம்: 120 மணி. பொங்கல், தீபாவளி, மழை விடுமுறை என்று 12 மணி கழித்தால் 108. அதில் ஒலிப்புக்கு 12. எச்எஸ்கேயின் முதல் இரண்டு நிலைகளுக்கும் சேர்த்து 30 பாடம், பாடத்துக்கு இரண்டரை மணி வீதம் 75. ஐந்து பாடத்துக்கு ஒரு முறை திருப்புதலும் சோதனையும், ஆறு முறைக்கு 9. மீதி 12 மணியை வெறுமையாக விடுங்கள்.

அந்த வெற்று நேரத்தையும் பாடத்தால் நிரப்புவது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. ஏழாம் வாரம் ஒருவர் காய்ச்சலில் படுப்பார், இருவர் அலுவலக வேலையில் மாட்டிக்கொள்வார்கள். இடைவெளி இல்லாத திட்டம் அத்தோடு சரிந்துவிடும்.

3. நூலைத் தேர்ந்தெடுங்கள்

பரவலாகக் கிடைக்கும் நான்கைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான் முக்கியம்.

பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2014 முதல் வெளியிட்ட ‘எச்எஸ்கே ஸ்டாண்டர்ட் கோர்ஸ்’ வரிசையில் முதல் இரண்டு நிலைகளுக்கும் தலா 15 பாடம், மூன்றாம் நிலைக்கு 20. பாடம் சிறியது, சொற்கள் 2010 பட்டியலோடு ஒட்டி வரும். மாலை வகுப்புக்கு நான் எடுப்பது இதைத்தான். ஒலிப்புக்கு ஒதுக்கும் இடம் நமக்குப் போதாது என்பது இதன் குறை; அதை நாமே ஈடுகட்ட வேண்டும்.

அதே பதிப்பகத்தின் ‘நியூ ப்ராக்டிகல் சைனீஸ் ரீடர்’ இலக்கணத்தில் உறுதியானது. ஒலிப்புக்கென்றே முதல் ஆறு பாடங்களை ஒதுக்கிய முந்தைய பதிப்பு கிடைத்தால், நூலையே மாற்றாவிட்டாலும் அந்தப் பயிற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ஹன்யூ ஜியாவ்செங்’ சீனாவில் தங்கி முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்கானது. வெளியே கால் வைத்தால் சீனம் காதில் விழும் என்ற நம்பிக்கையில் ஓடும் வேகம் அது. வாரம் மூன்று மணி நேர வகுப்பில் அதை இழுக்க முடியாது.

‘இன்டக்ரேட்டட் சைனீஸ்’ அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்காக எழுதியது. விளக்கம் மிகத் தெளிவு. சூழலெல்லாம் விடுதி அறை, கல்லூரி வாழ்க்கை என்று போகும். ஆசிரியர் தன் தயாரிப்புக்கு வைத்துக்கொள்ள அருமையான நூல்.

தைவான் போகிறவர்களுக்குத் தைவான் தேசிய ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் உருவாக்கிய ஆறு தொகுதி வரிசை இருக்கிறது, அதை எடுங்கள்.

ஒன்றை முதுகெலும்பாக வைத்து மற்றவற்றிலிருந்து பயிற்சியை மட்டும் எடுப்பது என் வழக்கம். இரண்டு நூலைச் சேர்த்து நடத்தினால் சொல் வரிசை குலைந்து, இன்னும் சொல்லித்தராத சொல் பயிற்சியில் வந்து நிற்கும்.

4. நூலைத் தமிழ்க் கண்ணால் ஒரு முறை படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பச்சை, சிவப்பு என்று இரண்டு பென்சிலோடு முழு நூலையும் புரட்டுங்கள். தமிழில் ஏற்கெனவே இருப்பது பச்சை. தமிழில் இல்லாதது, அல்லது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து குழப்புவது சிவப்பு.

பச்சை எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வாக்கியக் கடைசியில் ‘மா’ சேர்த்தால் கேள்வி. நாம் ‘வருகிறாயா’ என்று கடைசியில் ‘ஆ’ சேர்ப்பது போல. கேள்விச் சொல் முன்னால் ஓடாது. பதில் எங்கே வருமோ அங்கேயே நிற்கும், ‘உன் பெயர் என்ன’ என்பதைப் போல. ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பது சீனத்திலும் நான், வாங்கு, ‘த’ என்ற இணைப்பு, புத்தகம் என்ற வரிசைதான். ஆங்கிலம் பேசுகிறவர் வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும் என்பதால் நூல் இதைப் பக்கம் பக்கமாக விளக்கும். நமக்கு ஐந்து எடுத்துக்காட்டு போதும்.

‘நான் உன்னைவிட உயரம்’ என்ற ஒப்பீட்டில் யார், யாரைவிட, எப்படி என்ற வரிசை அப்படியே பொருந்துகிறது. ‘விட’ என்பதற்கான ‘பி’ மட்டும் பெயருக்கு முன்னால் போகும். ‘மேசை மேல்’ என்று இடச்சொல் பெயருக்குப் பின் வருவதும் நம்மைப் போலத்தான். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வருக்கும் சீனத்தில் தனித்தனிச் சொல் உண்டு. ஆங்கிலக் குறிப்பு ‘மூத்த சகோதரன்’ என்று சுற்றிவளைக்கும். நீங்கள் அதை அடித்துவிட்டு ‘அண்ணன்’ என்று எழுதிவிடுங்கள்.

சிவப்பில் முதலாவது, வினைக்குப் பின் வரும் பொருள். ‘நான் நாளை வீட்டில் சோறு சாப்பிடுகிறேன்’ என்பதில் நான், நாளை, வீட்டில் மூன்றும் தமிழ் வரிசையிலேயே வரும். அதற்குப் பின் ‘சாப்பிடு’ முந்தி, ‘சோறு’ பிந்தும். ‘வினை வரைக்கும் தமிழ் போல, அப்புறம் பொருள்’ என்று சொல்லிக்கொடுத்தால் தொடக்க நிலைக்குப் பெரும்பாலும் ஓடும்.

இரண்டாவது, ‘ஷி’ என்ற சொல். ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் வினையில்லாமல் முடிக்கிறோம். சீனத்தில் நடுவே ‘ஷி’ வேண்டும். ‘அவர் உயரம்’ என்பதிலோ ‘ஷி’ வரக்கூடாது. ‘ஹென்’ என்ற சொல் அந்த இடத்தில் நிற்கும். தமிழில் யோசிக்கிறவர் முதல் வாக்கியத்தில் அதை விடுகிறார். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் இரண்டாவதில் அதைச் செருகுகிறார். ஒரே வகுப்பில் இரண்டு பிழையும் வரும், சில நேரம் ஒரே ஆளிடம்.

மூன்றாவது, ‘ல’ என்ற சிறு சொல். பல நூல்களின் குறிப்பைப் படித்துவிட்டு மாணவர் அதை இறந்தகாலம் என்று எடுத்துக்கொள்கிறார். ‘மழை வந்துவிட்டது’ என்பதில் வரும் ‘விட்டது’ போல என்று தொடங்குங்கள். நிலை மாறிவிட்டது, செயல் முடிந்துவிட்டது என்ற உணர்வு அதில் இருக்கிறது. ‘நேற்று குளிராக இருந்தது’ என்பதில் அந்த மாற்றம் இல்லை, அதனால் ‘ல’வும் இல்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அளவுச்சொற்களும் சிவப்புதான், ஆனால் பயப்பட வேண்டாம். ஒரு கட்டு கீரை, ஒரு சீப்பு பழம், ஒரு முழம் பூ, நாலு பேர் என்று நம்மிடமே அந்தப் பழக்கம் இருக்கிறது. சீனத்தில் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே அது எப்போதும் வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

5. முதல் 12 மணி நேரம் ஒலிக்கு மட்டும்

முதல் எட்டு வகுப்பில் பாடநூலைத் திறக்காதீர்கள். வணக்கம், நன்றி, பெயர் சொல்வது மட்டும் வாய்மொழியாக. இப்போது பதியும் பிழை உச்சரிப்பு பின்னால் அசைந்து கொடுக்காது. அதனால்தான் இந்தத் தாமதம்.

வரிசை இப்படி: ஓரசையில் நான்கு தொனிகள் (பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்), மூச்சு ஒலி இணைகள், நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளும் மடிக்காமல் சொல்பவையும், கடைசியில் ஈரசைத் தொனிச் சேர்க்கை.

மூச்சு ஒலிதான் நம் பெரிய பள்ளம். ‘பல்’, ‘பஸ்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பின்யினில் ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைக் கண்டதும் மாணவர் ‘பஸ்’ஸின் ‘ப’வைச் சொல்கிறார். வேண்டியது ‘பல்’லின் ‘ப’. அதே ‘பல்’லின் ‘ப’வோடு மூச்சை வெளியே தள்ளினால் வருவது மற்ற எழுத்து, ‘பேனா’வை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வருவது. இப்படி ஆறு இணைகள் உண்டு. உதட்டின் முன் மெல்லிய தாள் துண்டைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள்: ஒன்றில் தாள் அசையக்கூடாது, மற்றதில் பறக்க வேண்டும். பெய்ஜிங் என்பதில் அசையக்கூடாது. ‘பெய்த மழை’யின் ‘பெ’ அது.

இந்த வேறுபாடு ஏன் உயிர்நாடி? சீனத்தில் ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்பது ‘தூட்ஸ பாவ் ல’. ‘முயல் ஓடிவிட்டது’ என்பதும் தமிழில் எழுதினால் ‘தூட்ஸ பாவ் ல’ என்றுதான் வரும். தொனிகூட ஒன்றே. முதல் வாக்கியத்தில் ‘தூ’வுக்கும் ‘பா’வுக்கும் மூச்சு இல்லை, இரண்டாவதில் உண்டு, வேறு எந்த வேறுபாடும் கிடையாது.

அதனால் பாடநூலில் பின்யின் மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். இங்கே வாசிக்கும் வசதிக்காக நான் தமிழில் எழுதுகிறேன். வகுப்பில் அது கூடாது. நான் கண்ட பிழைகளில் மிகப் பரவலானதும் மிகக் கேடு செய்வதும் இதுதான். நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது, எழுதியவருக்கும் அது கேட்காமலே போய்விடும்.

நமக்கு ஒரு வரமும் உண்டு. பின்யினில் ‘ர’கர எழுத்தாக வருவதைப் பலர் ‘ர’ என்று வாசிக்கிறார்கள்; நம் ‘ழ’ அதற்கு மிக அருகில் நிற்கிறது. சீன நாணயமான ரென்மின்பியை ‘ழென்மின்பி’ என்று சொல்லச் சொல்லுங்கள், சீனர் காதுக்கு உடனே பழகியதாக இருக்கும்.

தொனியைத் தனி அசையில் மட்டும் பழக்கினால் வாக்கியத்தில் கரைந்துவிடும். நான்கு தொனிக்குப் பின் நான்கு தொனியும், தொனியில்லாத ஒரு மெல்லசையும் வரலாம். ஆக 20 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அன்றாடச் சொல் என்று பட்டியல் போட்டு, ஆண்டு முழுவதும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். இரண்டு மூன்றாம் தொனி சேர்ந்தால் முன்னது இரண்டாம் தொனியாகும் விதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘நீ ஹாவ்’ என்ற முதல் வணக்கத்திலேயே அது இருக்கிறது. நூலில் மூன்றாம் தொனிக் குறியோடு அச்சிட்டிருப்பதால் மாணவர் அப்படியே வாசிப்பார்.

6. எழுத்துக்குத் தனித் தடம் போடுங்கள்

பேச்சில் ‘நன்றி’ முதல் வாரமே வேண்டும். ஆனால் ‘ஷியே’ என்ற அந்த எழுத்துக்கு 12 கோடுகள். ‘மனிதன்’ என்ற எழுத்துக்கு இரண்டே கோடு. நூல் பேச்சு வரிசையில் போவதால் கனமானது முன்னும் எளியது பின்னும் வந்துவிடுகிறது. நூலின் வரிசையிலேயே எழுதவும் வைத்தால் இரண்டாம் வாரமே சிலர் நின்றுவிடுவார்கள்.

பாடத்துக்கு ஐந்து எழுத்தை மட்டும் கையால் எழுதட்டும், உங்கள் வரிசையில். மனிதன், பெரியது, வாய், பெண், பிள்ளை, குதிரை என்று தொடங்கினால், அடுத்த வாரமே பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து ‘நல்ல’ ஆகும். குதிரை ‘மா’, பெண்ணோடு சேர்ந்தால் அம்மா, வாயோடு சேர்ந்தால் கேள்வி ‘மா’. ஓர் உறுப்பு பொருளையும் மற்றது ஓசையையும் தரும் என்று மாணவரே கண்டுகொள்ளும் இடம் இது. மற்ற எழுத்துகளை அடையாளம் கண்டால் போதும், கைப்பேசியில் தட்டட்டும்.

2021 தரவரையறையும் இப்படித்தான் பிரிக்கிறது: முதல் மூன்று நிலைகளுக்கு 900 எழுத்தை அறிய வேண்டும், அதில் கையால் எழுத வேண்டியவை 300.

ஆறு நிலைத் தேர்வின் முதல் இரண்டு நிலை வினாத்தாளில் பின்யின் இருக்கும், மூன்றாவதில் இருக்காது. ஆகவே 16ஆம் பாடத்திலிருந்தே பின்யின் வரியை அட்டையால் மூடி வாசிக்கப் பழக்குங்கள்.

7. ஒரு பாடத்தை வகுப்பில் பிரிக்கும் விதம்

நூலை மூடி வைத்து உரையாடலை மூன்று முறை கேட்கச் செய்யுங்கள். அப்புறம் திரும்பச் சொல்வது. அதன் பின்னரே பக்கத்தைத் திறப்பது. முதலில் கண் பார்த்துவிட்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

இலக்கணம் எடுத்துக்காட்டுகளுக்குப் பின் வரட்டும். பச்சை என்றால் பத்து நிமிடம், சிவப்பு என்றால் நாற்பது.

உரையாடலில் ஊர், ரயில், விலை எல்லாவற்றையும் நம் ஊருக்கு மாற்றிப் பேச வைப்பது நல்லது. ஆனால் ஆர்வத்தில் சொற்களைக் கூட்டிவிடாதீர்கள். பாடத்துக்கு ஐந்து கூடுதல் சொல் என்று எல்லை வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிய அணிகளில் நூலின் சொற்களே மறந்துபோயின.

8. சோதனையில் பேச்சைச் சேருங்கள்

ஆறு நிலை எச்எஸ்கேயின் முதல் நிலையில் 40 கேள்வி: கேட்டல் 20, வாசித்தல் 20. 200க்கு 120 எடுத்தால் தேர்ச்சி. பேச்சுக்கு எச்எஸ்கேகே என்று தனித் தேர்வு. எனவே எச்எஸ்கேயை மட்டும் குறிவைத்து நடத்தினால், வாய் திறக்காமலே ஒருவர் தேறிவிடலாம், தொனி முழுக்கக் கெட்டிருந்தாலும்.

ஐந்து பாடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். கோப்பில் தேதி போட்டு வையுங்கள். அடுத்த சோதனைக்கு முன் பழைய பதிவை அவரே கேட்கட்டும். நாம் பத்து முறை சொல்லித் திருந்தாத தொனி அப்போது அவர் காதிலேயே உறுத்தும்.

9. ஓரத்தில் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும், உங்கள் பிரதியின் பக்க ஓரத்தில் இரண்டே குறிப்பு: திட்டமிட்ட நிமிடம், உண்மையில் ஆன நிமிடம். தடுக்கிய வாக்கியத்தின் கீழ் ஒரு கோடு. அன்றைக்கே எழுதிவிடுங்கள், மறுநாள் நினைவு வராது. நான்காம் படியில் போட்ட பச்சையில் சில சிவப்பாக மாறும். எனக்கு ‘பி’ ஒப்பீட்டின் எதிர்மறை வடிவம் அப்படி மாறியது. அடுத்த அணிக்கு மணிக்கணக்கைப் போடும்போது அந்தப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.